தொலைநோக்கி ஆடி: சோதனையும் நேர்ப்படுத்தலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே 150 அல்லது 200 மி.மீ. ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்பவர்களும், நியூட்டன் வகைத் தொலைநோக்கியை (குழாயின் அடியில் பெரிய குழி ஆடி, வாய்ப்பக்கம் சாய்ந்த சிறிய ஆடி) கடையில் வாங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பள்ளியில் படித்த குழி ஆடி, குவியத் தூரம், வளைவு மையம் ஆகியவை நினைவிருந்தால் போதும். கொலிமேஷன் என்று நாம் பேச்சில் சொல்வதை, அதாவது ஆடிகளின் சாய்வைத் திருகுகளால் சரிசெய்து ஒரே அச்சில் நிறுத்துவதை, இங்கே நேர்ப்படுத்தல் என்று எழுதியிருக்கிறேன். எஃப்/8 என்றால் குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப் போல 8 மடங்கு என்று பொருள்.

வியாழன் மங்கலாகத் தெரிகிறது. ஆடி சரியில்லையா?

ஆடியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில் பார்க்க வேண்டியது வெப்பம். வீட்டுக்குள் இருந்த குழாயை மொட்டை மாடிக்குக் கொண்டுபோன உடனே எந்த ஆடியும் நல்ல படம் தராது. ஆடியின் சூடு அடங்கும்வரை அதன் முகத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று மேலெழுந்துகொண்டே இருக்கும். முக்கால் மணி நேரமாவது வெளியே வைத்துவிட்டுப் பாருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த தளத்தின் மேல் வைக்காமல், முடிந்தால் மண் தரையிலோ புல்லிலோ வையுங்கள்.

அடுத்தது நேர்ப்படுத்தல். “ஆடி மோசம்” என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட தொலைநோக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குத் திருகைக் கால் சுற்று திருப்பியதே மருந்தாக இருந்தது. இந்த இரண்டும் சரியான பிறகும் படம் தெளியவில்லையென்றால்தான் கண்ணாடியைக் குறை சொல்லலாம். அப்போதும் ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஆடி எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

நம் கண் நன்றாக உணரும் பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 550 நானோமீட்டர். குவியத்துக்கு வந்து சேரும் அலைமுகப்பின் (ஒளி அலையின் முன்பரப்பு) மேடு பள்ளம் அதில் கால் பங்குக்குள், அதாவது சுமார் 137 நானோமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது இயற்பியலாளர் ரேலி வகுத்த அளவுகோல். ஆடியில் ஒளி போய்த் திரும்புவதால் மேற்பரப்பில் உள்ள பிழை அலைமுகப்பில் இரட்டிப்பாகும். ஆகவே கண்ணாடியின் மேற்பரப்பில் நமக்குக் கிடைக்கும் சலுகை ஏறத்தாழ 69 நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறாக வெட்டினால் ஒரு கூறு கிட்டத்தட்ட அந்த அளவு வரும்.

கையால் தேய்த்து இதை எட்ட முடியுமா என்று மலைக்க வேண்டாம். முடியும். கண்ணாடியைக் கண்ணாடி மேல் வைத்து எல்லாத் திசையிலும் மாறி மாறித் தேய்த்தால், எந்த நிலையிலும் ஒன்றோடொன்று பொருந்தக்கூடிய வளைவான கோளம் தானாகவே உருவாகிறது. அந்தக் கோளத்திலிருந்து, நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வடிவமான பரவளையத்துக்குப் போகும் கடைசிச் சிறு தூரத்துக்குத்தான் சோதனை தேவைப்படுகிறது.

கோளமாகவே விட்டுவிட்டால் என்ன?

அளவைப் பொறுத்தது. 150 மி.மீ. எஃப்/8 ஆடியைக் கோளமாகவே விட்டால் அலைமுகப்பில் வரும் பிழை ஏறத்தாழ 143 நானோமீட்டர். ரேலி எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். முதல் ஆடியை இந்த அளவில் செய்யுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். தவறு செய்தாலும் தப்பித்துவிடலாம்.

200 மி.மீ. எஃப்/6 என்றால் கதை மாறிவிடுகிறது. வளைவு ஆரம் (குவியத் தூரத்தைப் போல இரு மடங்கு) இரண்டுக்கும் அதே 2400 மி.மீ.தான், ஆனால் பிழை ஆடியின் ஆரையின் (விட்டத்தில் பாதி) நான்காம் அடுக்கில் ஏறுகிறது. கோளமாக விட்டால் சுமார் 450 நானோமீட்டர், முக்கால் அலைநீளத்துக்கும் மேல். சனியின் வளையத்தில் உள்ள காசினி இடைவெளி அப்படியே குழைந்துபோகும். இங்கே பரவளையம் கட்டாயம்.

ஃபூக்கோ சோதனை என்கிறார்களே, அது என்ன?

பாரிசில் லியோன் ஃபூக்கோ 1858-இல் கண்டறிந்த முறை. பூமி சுழல்வதை ஊசல் கட்டிக் காட்டினாரே, அவரேதான். ஒரு சிறு விளக்கையும் ஒரு கத்தி முனையையும் மட்டும் வைத்துக்கொண்டு நானோமீட்டர் கணக்கில் மேடு பள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டும் இந்த வித்தையைவிட அழகான சோதனையை நான் பார்த்ததில்லை.

ஆடியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் வளைவு மையத்தில் ஒரு நுண்ணிய ஒளிப்புள்ளியை வையுங்கள். ஆடி கச்சிதமான கோளமாக இருந்தால், புறப்பட்ட ஒளியெல்லாம் அதே இடத்துக்குத் திரும்பி வந்து குவியும். அந்தக் குவியும் புள்ளிக்குப் பின்னால் கண்ணை வைத்தால் ஆடி முழுவதும் முழுநிலவு போல ஒளிர்வது தெரியும். இப்போது சவர பிளேடின் விளிம்பை இடப்பக்கத்திலிருந்து மெல்ல அந்தப் புள்ளிக்குள் நுழையுங்கள். பிளேடு சரியாகக் குவியும் இடத்தில் வெட்டினால் ஆடி முழுவதும் ஒரே சீராக இருளும். பிளேடு ஆடிப் பக்கம் சற்று முன்னால் இருந்தால் நிழலும் இடமிருந்தே நகரும். பின்னால் இருந்தால் நிழல் எதிர்ப்புறமான வலமிருந்து வரும். இந்த ஒன்றை வைத்தே வளைவு மையத்தை மில்லிமீட்டரின் சிறு பின்னம்வரை கண்டுபிடித்துவிடலாம்.

ஆடியில் எங்காவது மேடோ பள்ளமோ இருந்தால், அங்கிருந்து வரும் கதிர் மற்றவற்றோடு சேராமல் விலகிப் போகும். பிளேடு சிலவற்றைத் தடுக்கும், சிலவற்றை விட்டுவிடும். விளைவாக ஆடி ஒரு நிலப்பரப்பு போலத் தெரியும். பிளேடு இடமிருந்து வந்தால், வலப்பக்கத்திலிருந்து சாய்வெயில் அடிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேடு மேடாகத் தெரியும், குழி குழியாகத் தெரியும். பரவளைய ஆடி இந்தச் சோதனையில் மெதுவடை போன்ற வடிவம் காட்டும்: நடுவில் ஒரு குழிவு, சுற்றிலும் உப்பல், விளிம்பில் சரிவு. அந்த வடையை முதன்முதலில் பார்த்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதற்கான கருவியை வீட்டில் செய்ய முடியுமா?

ஒரு மாலைப்பொழுது போதும். பளிச்சென்ற ஒரு எல்.இ.டி., இரண்டு பிளேடுகளை அருகருகே ஒட்டிச் செய்த மெல்லிய பிளவு, மூன்றாவதாக வெட்டுவதற்கு ஒரு பிளேடு, இவற்றை ஆடியை நோக்கி முன்னும் பின்னும் குறுக்கிலும் நகர்த்த ஒரு சறுக்குப் பலகை. அளப்பதற்கு லேத் பட்டறையில் பயன்படுத்தும் டயல் கேஜ் இருந்தால் நல்லது, 0.01 மி.மீ. பிரித்துக் காட்டும். பிளவு பிளேடின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இணையாக இல்லையென்றால் நிழல் மழுங்கிப்போகும்.

சோதிப்பதற்கு முன் அலுமினியம் பூச வேண்டுமா?

வேண்டாம், பூசவும் கூடாது. பூசாத கண்ணாடி 4 சதவீத ஒளியைத் திருப்பும். ஃபூக்கோவுக்கு அது தாராளம். பூச்சு கடைசி வேலை.

நிழல் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒன்றும் பிடிபடவில்லை.

நீங்கள் பார்ப்பது ஆடியை அல்ல, காற்றை. இந்தச் சோதனை அவ்வளவு கூர்மையானது. ஆடிக்கும் பிளேடுக்கும் நடுவே கையை நீட்டுங்கள். விரல்களிலிருந்து சூடு புகைபோல எழுவது தெரியும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பொறுங்கள். நம் ஊர்க் கோடையில் வெளிச்சுவரை ஒட்டிய அறைகள் நள்ளிரவுவரை சூட்டை உமிழ்ந்துகொண்டே இருக்கும். வீட்டின் நடுவில் உள்ள நடையில், விடியற்காலை 4 மணிக்குச் சோதித்துப் பாருங்கள். அதுவரை ஆடிய நிழல் கல்லில் செதுக்கியதுபோல நிற்கும். ஆடிவரை அட்டையால் ஒரு சுரங்கம்போல மூடுவதும் உதவும்.

கண்ணாடியும் சூட்டுக்கு அசையும். நம்பிக்கை வராவிட்டால், ஆடியின் முகத்தில் கட்டைவிரலைச் சில நொடி வைத்து எடுத்துவிட்டு உடனே பாருங்கள். விரல் பட்ட இடம் ஒரு குன்றாக எழுந்து நிற்கும், பிறகு மெல்ல அமிழும். சாதாரணத் தட்டைக் கண்ணாடி ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரிகிறது, பைரெக்ஸ் 3.3 பங்கு. மெருகேற்றிய கையோடு சோதித்தால் பொய்யான வடிவம் தெரிவது இதனால்தான். தட்டைக் கண்ணாடியானால் இரண்டு மணி நேரம் விடுங்கள். பொறுமையிழந்து சூடான ஆடியைச் சோதித்து, இல்லாத மேட்டைத் தேய்த்துக் குழியாக்கியவர்கள் நிறையப் பேர்.

நிழலைப் பார்ப்பது சரி. எண்ணாக அளப்பது எப்படி?

பரவளையத்தின் நடுவுக்கு ஒரு வளைவு மையம், விளிம்புக்கு வேறொரு வளைவு மையம். விளிம்பின் மையம் ஆடியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். எவ்வளவு தள்ளி என்பதை அளப்பதுதான் வேலை. அட்டையில் சமச்சீராகச் சாளரங்கள் வெட்டி ஆடியின் முன் வைத்து, ஒவ்வொரு சோடிச் சாளரமும் ஒரே நேரத்தில் இருளும் இடத்தை டயல் கேஜில் குறித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு அசையாமல் பிளேடு மட்டும் நகர்ந்தால் அந்தத் தூரம், ஆரையின் இருமடியை வளைவு ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 200 மி.மீ. எஃப்/6 ஆடியின் விளிம்புக்கு 100 × 100 ÷ 2400, அதாவது 4.17 மி.மீ. விளக்கும் பிளேடும் ஒரே பலகையில் சேர்ந்து நகர்ந்தால் அதில் சரிபாதி, 2.08 மி.மீ.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று வருந்திக் கேட்டுக்கொள்கிறேன். என்னுடைய முதல் 200 மி.மீ. ஆடியில் நான் செய்தது அதைத்தான். என் கருவியில் விளக்கும் பிளேடும் சேர்ந்து நகர்ந்தன, நானோ 4.17 வரும்வரை மெருகேற்றினேன். எண்கள் அட்டவணையோடு அச்சு அசலாகப் பொருந்தின. மகிழ்ச்சியோடு நட்சத்திரத்தைப் பார்த்தேன் (இந்தச் சோதனையைப் பின்னால் விளக்குகிறேன்). குவியத்துக்கு வெளியே பளிச்சென்ற வளையம், உள்ளே வெறும் பஞ்சு. தேவைக்கு இருமடங்கு திருத்தியிருக்கிறேன். கோளமாகவே விட்டிருந்தால் என்ன பிழை இருந்திருக்குமோ அதே அளவு பிழை, எதிர்த்திசையில். மறுபடி கோளத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் பரவளையமாக்க மூன்று வாரம் ஆயிற்று. நட்சத்திரம் காட்டிக்கொடுத்திருக்காவிட்டால் அந்த ஆடிக்குப் பூச்சும் போட்டிருப்பேன்.

ரோங்கி சோதனை எளிதாமே?

எளிதுதான். இத்தாலியர் வாஸ்கோ ரோங்கி 1923-இல் வெளியிட்டது. பிளேடுக்குப் பதில் நெருக்கமான கோடுகள் உள்ள கீற்றணி, மி.மீ.க்கு நான்கு கோடு என்ற அளவு நமக்கு ஏற்றது. கோளத்தில் கோடுகள் நேராகத் தெரியும், பரவளையத்தில் வளையும். விளிம்பு மடிந்திருந்தால் கோட்டின் நுனி கொக்கிபோலத் திரும்பும். அதைக் கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் அளவு சொல்வதில் ஃபூக்கோ அளவுக்கு வராது. மெருகேற்றும் நாட்களில் ரோங்கி, முடிவெடுக்கும் நாளில் ஃபூக்கோ என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பக் கவனமாகச் செய்தால் போதாதா?

போதாது. சோதனைக் கருவியிலேயே பிழை இருந்தால், எத்தனை முறை அளந்தாலும் அதே பொய்யைத்தான் அது சொல்லும். இதற்கு ஹபிள் தொலைநோக்கியைவிடத் தெளிவான பாடம் இல்லை.

1990 ஏப்ரல் 24 அன்று ஹபிள் விண்ணுக்குப் போனது. 2.4 மீட்டர் ஆடி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரியில் பெர்கின்-எல்மர் நிறுவனம் தேய்த்தது. முதல் படங்கள் வந்தபோது நட்சத்திரங்களைச் சுற்றி ஒளி சிதறிக் கிடந்தது. ஆடியின் மேற்பரப்பு வியக்கத்தக்க வழவழப்போடுதான் இருந்தது. ஆனால் வடிவம் தவறு: விளிம்பு, இருக்க வேண்டியதைவிட சுமார் 2.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் 1000 நானோமீட்டர்) தட்டை. நான் மேலே சொன்ன, தேவைக்கு மிஞ்சித் திருத்திய அதே வகைப் பிழை.

எப்படி நடந்தது? ஆடியைச் சோதிக்க அவர்கள் பயன்படுத்தியது சுழித்திருத்தி என்று சொல்லத்தக்க ஒரு துணைக்கருவி. இரண்டு சிறு ஆடிகளும் ஒரு வில்லையும் கொண்டது. சரியான வடிவம் கொண்ட பெரிய ஆடி இதன் வழியே பார்த்தால் குற்றமற்ற கோளம்போலத் தெரியும். அதற்குள் இருக்கும் வில்லையின் இடத்தை ஓர் அளவுகோலால் அளந்து பொருத்த வேண்டும். அந்தக் கோலின் நுனியில் ஒரு மூடி; மூடியின் நடுத்துளை வழியே ஒளி கோலின் முனையில் பட்டுத் திரும்ப வேண்டும். மூடியின் மேல் பூசியிருந்த, ஒளியைத் திருப்பாத பூச்சு ஓரிடத்தில் உரிந்திருந்தது. ஒளி கோலில் படாமல் மூடியிலேயே பட்டுத் திரும்பியது. வில்லை 1.3 மி.மீ. இடம் மாறிப்போயிற்று. வில்லையை அந்த இடத்துக்குக் கொண்டுபோகத் திருகு எட்டவில்லை. வாஷர் வைத்து எட்டவைத்தார்கள். அந்த இடத்திலேயே ஒருவர் நின்று “ஏன் எட்டவில்லை?” என்று கேட்டிருந்தால் போதும்.

எனக்கு இதைவிட வலிப்பது அடுத்த செய்தி. வேறு இரண்டு சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டின. அவை துல்லியம் குறைந்த கருவிகள் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். துல்லியம் குறைந்த கருவியாக இருந்தாலும், அது காட்டிய முரண்பாடு அதன் பிழை வரம்பைவிடப் பல மடங்கு பெரிது என்றால் அதற்கு விளக்கம் கண்டுபிடிக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்திய பிறகுதான் ஹபிளின் பார்வை தெளிந்தது. பிழையின் அளவு துல்லியமாகத் தெரிந்திருந்ததால் அதைச் சரியாக ஈடுகட்ட முடிந்தது.

பெரிய ஆடிகளுக்கு நம் ஃபூக்கோ உதவாதா?

விட்டம் கூடி, எஃப் எண் குறையக் குறையப் பரவளையம் கோளத்திலிருந்து வெகுதூரம் விலகிப் போகிறது. திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலையில் உள்ள காவலூரின் வைணு பாப்பு தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2.34 மீட்டர், எஃப்/3.25. அதன் ஆடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில். 1986 சனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், அதன் பரவளையம் நெருங்கிப் பொருந்தும் கோளத்திலிருந்து ஏறத்தாழ 17 மைக்ரான் விலகுகிறது. நம் 150 மி.மீ. எஃப்/8 ஆடியில் இதே விலகல் 0.07 மைக்ரான்தான். 200 மடங்குக்கும் மேல் வேறுபாடு! அந்த அளவில் நேரடி ஃபூக்கோ நிழலைப் படிப்பது மிகக் கடினம். மேலே சொன்னது போன்ற துணைக்கருவி தேவைப்படுகிறது. துணைக்கருவி வந்தால் அதையும் சோதிக்கும் கடமை கூடவே வருகிறது.

வில்லைகளை எப்படிச் சோதிப்பார்கள்?

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் சோடிய விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் நியூட்டன் வளையங்களை எண்ணியிருப்பீர்கள். வில்லைப் பட்டறையில் அன்றாடம் நடப்பதும் அதுதான். வடிவம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு மாதிரிக் கண்ணாடியின் மேல் சோதிக்க வேண்டிய பரப்பை வைத்தால், இடைவெளி அரை அலைநீளம் மாறும் இடந்தோறும் ஒரு வளையம் விழும். சோடிய ஒளியில் ஒரு வளையம் என்றால் 0.29 மைக்ரான். மெல்ல அழுத்தும்போது வளையங்கள் வெளியே விரிந்தால் நடுப்பகுதி உயர்ந்திருக்கிறது, உள்ளே சுருங்கினால் விளிம்பு உயர்ந்திருக்கிறது. நடுவே தூசி மாட்டினால் கீறல் நிச்சயம். ஆகவே துடைத்து, ஊதி, பிறகே வையுங்கள். தொட்ட சூடும் ஆறட்டும்.

வில்லைக்கு வடிவம் மட்டும் போதாது. இரு பரப்புகளின் வளைவு மையங்களை இணைக்கும் கோடுதான் அதன் ஒளி அச்சு. அது வில்லையின் விளிம்பு வட்டத்துக்கு நட்டநடுவே செல்ல வேண்டும். இல்லாவிட்டால் வில்லையோடு ஒரு மெல்லிய பட்டகமும் சேர்ந்ததுபோல, நட்சத்திரத்துக்கு ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் பூத்துவிடும். பழைய பட்டறை முறை இன்னும் நம்பகமானது: சுழலும் பித்தளைக் குழாயின் வாயில் அரக்கால் வில்லையை ஒட்டி, அதில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பைக் கவனியுங்கள். சுழலும்போது பிம்பம் வட்டமடித்தால் மையம் தவறியிருக்கிறது. அரக்கு இளகியிருக்கும்போதே நகர்த்தி, பிம்பம் அசையாமல் நிற்கச் செய்து, அதன் பிறகு விளிம்பைத் தேய்த்து வட்டமாக்குவார்கள்.

நியூட்டன் தொலைநோக்கியை நேர்ப்படுத்துவது எப்படி?

பகலில் செய்யுங்கள். குழாயைக் கிடையாக வையுங்கள். கையிலிருந்து ஆலன் கீ நழுவினால் ஆடி மேல் விழக் கூடாது.

ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) இருக்கும் இடத்தில், நடுவில் சிறு துளையிட்ட மூடியைப் பொருத்திப் பாருங்கள். முதலில் சாய்ந்து நிற்கும் சிறிய ஆடியை மட்டும் கவனியுங்கள். அது குவியக்குழாயின் (ஐபீஸைத் தாங்கும் குழாய்) வாய்க்கு நடுவே, வட்டமாகத் தெரிய வேண்டும். நீள்வட்டமாகத் தெரிந்தால் திரும்பியிருக்கிறது. ஒதுங்கித் தெரிந்தால் முன்னோ பின்னோ நகர்த்த வேண்டும். எல்லாரும் அவசரப்பட்டுத் தாண்டிப்போகும் படி இது. இதன் பிறகு சிறிய ஆடியின் மூன்று திருகுகளால், பெரிய ஆடியின் நடுக்குறி உங்கள் பார்வையின் மையத்துக்கு வரும்படி சாய்க்கவும். கடைசியாகப் பெரிய ஆடியின் பின்புறத் திருகுகள்: நீங்கள் பார்க்கும் துளையின் பிரதிபலிப்பு அந்த நடுக்குறிக்குள் வந்து உட்கார வேண்டும். நேர்ப்படுத்துவதற்கென்றே விற்கும் செஷயர் ஐபீஸ் இருந்தால் இந்தக் கடைசிப் படி மிகச் சுலபம். ஒரு திருகை இறுக்கும்போது எதிரிலுள்ளதைத் தளர்த்துங்கள். மூன்றையும் முறுக்கிப் பிடித்தால் ஆடி நெரிந்து, நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும்.

எஃப்/5, எஃப்/4 குழாய்களில் எல்லாம் சரியான பிறகும் சிறிய ஆடியின் நிழல் சற்று ஒருபுறம் ஒதுங்கித் தெரியும். அது இயல்பு. அதைச் “சரி” செய்யப் போய் மற்றதைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆடியின் நடுவில் குறி ஒட்டினால் படம் கெடாதா?

கெடாது. அந்த இடம் எப்படியும் சிறிய ஆடியின் நிழலில்தான் இருக்கிறது.

லேசர் வாங்கினால் போதுமா?

லேசரையும் சோதித்த பிறகு போதும். மலிவான லேசர்களில் கதிர், உடலின் அச்சோடு சேராமல் சாய்ந்து வருவது மிகச் சாதாரணம். இரண்டு சோடி ஆணிகளை ஒரு பலகையில் வி வடிவத்தில் அடித்து, அதில் லேசரைக் கிடத்தி, பத்து மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி விழும்படி வைத்து, லேசரை அதன் இடத்திலேயே உருட்டுங்கள். புள்ளி அசையாமல் நின்றால் நல்ல லேசர். வட்டம் வரைந்தால் அதன் பக்கவாட்டுத் திருகுகளால் வட்டத்தைப் புள்ளியாக்குங்கள். இதைச் செய்யாமல் லேசர் சொன்னபடி ஆடியைத் திருப்புவது, உரிந்த மூடியை நம்பி வில்லையை வைத்ததற்குச் சமம். கதிர் திரும்பி வரும் பாதையில் கண்ணை வைக்காதீர்கள். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் எடுக்கவே வேண்டாம்.

எவ்வளவு நுட்பமாக நேர்ப்படுத்த வேண்டும்?

பரவளைய ஆடி, அச்சின் அருகே மட்டும்தான் குற்றமற்ற படம் தரும். அச்சிலிருந்து விலகினால் நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும். குற்றமற்ற அந்த வட்டத்தின் விட்டம், எஃப் எண்ணின் மும்மடியை 0.022-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டரில் கிடைக்கும். எஃப்/8-க்கு 11 மி.மீ., எஃப்/5-க்கு 2.8 மி.மீ., எஃப்/4-க்கு வெறும் 1.4 மி.மீ. நேர்ப்படுத்தல் என்பது இந்தச் சிறு வட்டத்தை ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவருவது. எஃப்/4 வைத்திருப்பவர் ஒவ்வொரு இரவும் சரிபார்ப்பதும், எஃப்/8 வைத்திருப்பவர் மாதக்கணக்கில் தொடாமல் இருப்பதும் இதனால்தான்.

நட்சத்திரச் சோதனையைத் துருவ நட்சத்திரத்தில் செய்யச் சொல்கிறார்களே?

அது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கான அறிவுரை. துருவ நட்சத்திரம் நகராது; மோட்டார் இல்லாத தொலைநோக்கிக்கு வசதி. ஆனால் அது நிற்கும் உயரம் ஏறத்தாழ நம் அட்சரேகைதான். சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8, யாழ்ப்பாணத்தில் 10-க்கும் கீழே. தலைக்கு மேலே உள்ளதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான காற்றின் வழியே பார்க்கிறோம். நட்சத்திரம் கொதிக்கும், ஆடியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நாம் உச்சிவானில் உள்ள நடுத்தர ஒளிர்வு நட்சத்திரம் ஒன்றை எடுத்து, நகர நகரக் குழாயைத் தள்ளித்தான் பார்க்க வேண்டும். ஐபீஸின் நடுவில் இருக்கும்போது மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். 200 மடங்கு உருப்பெருக்கத்தில், குவியத்துக்குச் சற்று உள்ளேயும் அதே அளவு வெளியேயும் நகர்த்துங்கள். வளையங்கள் ஒருமையம் கொண்டிருக்காமல் ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் நேர்ப்படுத்தல் தவறு. அது சரியான பிறகு இரு பக்கத்துத் தோற்றத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் நல்ல ஆடி. உள்ளே வெளிவளையம் பளிச்சென்றும் வெளியே மங்கிப் பரவியும் இருந்தால் திருத்தம் போதவில்லை, கோளத்தின் பக்கம் நிற்கிறது. இது தலைகீழாக இருந்தால் திருத்தம் மிஞ்சிவிட்டது.

மழைக்காலம். நட்சத்திரமே இல்லை. என்ன செய்ய?

சைக்கிள் கடையிலோ பேரிங் கடையிலோ 25 மி.மீ. எஃகு உருண்டை ஒன்று வாங்குங்கள். காலை வெயில் எட்டிப்பார்க்கும் வேளையில் 50 மீட்டர் தொலைவில், கறுப்புத் துணியின் முன் வையுங்கள். அதில் தெரியும் சூரியனின் பிம்பம் 0.06 மி.மீ.தான், அவ்வளவு தொலைவிலிருந்து அது ஒரு நட்சத்திரம். தூரம் குவியத் தூரத்தைப் போல 20 மடங்குக்குக் குறையக் கூடாது; குறைந்தால் நல்ல ஆடியும் பிழையுள்ளதுபோலத் தெரியும். வெயில் ஏறித் தரை சூடாவதற்குள் முடித்துவிடுங்கள். தொலைநோக்கியைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது.

ஃபூக்கோ ஒன்று சொல்கிறது, நட்சத்திரம் வேறொன்று சொல்கிறது. எதை நம்ப?

எதையும் நம்பாமல் நிறுத்துங்கள். ஆடியைத் தேய்க்காதீர்கள். கணக்கில் விளக்கு நகர்கிறதா இல்லையா என்று பாருங்கள். வளைவு ஆரத்தை நாடாவால் மறுபடி அளங்கள். ஆடியை 90 டிகிரி திருப்பி வைத்து மீண்டும் ஃபூக்கோ செய்யுங்கள். பிழை ஆடியோடு சேர்ந்து திரும்பினால் அது ஆடியுடையது, அதே திசையிலேயே நின்றால் தாங்கியுடையது. இன்னோர் இரவு, இன்னொரு நட்சத்திரம் பாருங்கள். முடிந்தால் வேறொருவரின் கருவியில், உங்கள் எண்களைச் சொல்லாமல், அவரையே அளக்கச் சொல்லுங்கள். முரண்பாட்டுக்குக் காரணம் தெரிந்த அன்று மாலை மெருகேற்ற உதவும் கீலைச் சுடவைத்தால் போதும்.